மோட்டார் முனகினால் குழாயைக் கேளுங்கள்
தை–மாசி பருவகால ஆலோசனை: ஸ்ரீமுஷ்ணம் வட்டார வீடுகளுக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கிணறும் ஆழ்குழாயும் ஊறி நிற்கிற நாள்கள் இவை. தண்ணீருக்குக் குறைவில்லாத இந்த நேரத்தில் மோட்டாரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சித்திரையில் அது கத்தத் தொடங்கியபின்தான் பிளம்பரைத் தேடி அலைகிறோம். அந்த வழக்கத்தை இந்த ஆண்டு மாற்றிக்கொள்ளுங்கள். பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படும் மாசி மகத்துக்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: மோட்டார் ஓடும்போது எழும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள், ஒரு ராத்திரி எல்லாக் குழாய்களையும் மூடித் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவையுங்கள், தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைச் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். செலவு இல்லாத வேலைகள்தான். ஆனால் இவற்றை வைகாசியில் செய்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

காரணம் எளியது. கோடையில் மோட்டார் கரகரவென்று இரைந்தால் அதற்கு இரண்டு குற்றவாளிகள் இருக்கலாம். கிணற்றில் நீர்மட்டம் எட்டாத ஆழத்துக்கு இறங்கியிருக்கலாம். அல்லது உறிஞ்சு குழாயில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே குரலில் பேசும். சித்திரையில் அந்தக் குரலைக் கேட்டவர் 'தண்ணீர் இறங்கிவிட்டது' என்று முடிவுகட்டி, ஆழ்குழாயை ஆழப்படுத்தவோ பெரிய மோட்டார் வாங்கவோ கிளம்பிவிடுவார். பழுது ஒரு ரப்பர் வாஷரில் இருந்திருக்கும். இன்றைக்கு அந்தக் குழப்பம் இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பாருங்கள்; நீர்ப்பரப்பு மோட்டாரிலிருந்து 15 அடிக்குள் இருந்தும் சத்தம் கேட்டால், பழியைப் பூமியின்மேல் போட முடியாது. பழுது குழாயில் இருக்கிறது, இல்லையென்றால் எந்திரத்தில் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய இருவரில் ஒருவரைப் பருவமே விடுவித்துத் தருவதால்தான் சோதனைக்கு உகந்த மாதம் இது.

கசிவு என்றால் தண்ணீர் வெளியே சொட்டுவது என்றுதான் நினைக்கிறோம். மோட்டாருக்கு மேலே, தொட்டிக்குப் போகும் குழாயில் அது சரி. அங்கே உள்ளழுத்தம் அதிகம், ஓட்டை இருந்தால் நீர் வெளியே வரும். மோட்டாருக்குக் கீழே, கிணற்றிலிருந்து வரும் குழாயில் நிலைமை தலைகீழ். தரையில் நிற்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றுதான் கிணற்று நீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. காற்றின் எடை தாங்கக்கூடிய நீர்த்தூண் ஏறக்குறைய 10.3 மீட்டர், அதாவது 34 அடி. உராய்வும் மற்ற இழப்புகளும் போக நடைமுறையில் 25 அடியைத் தாண்டினாலே திணறல்தான். அழுத்தம் குறைந்த இந்தக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், சுவர் காய்ந்திருக்கும், பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மோட்டார் மட்டும் கூழாங்கற்களை அரைப்பதுபோல இரையும். அந்த இரைச்சலும் ஒரு கசிவுதான். கண்ணுக்கு அகப்படாமல் காதுக்கு மட்டும் அகப்படுகிற கசிவு.

இதை உறுதிசெய்யும் வழியும் சுலபம். ராத்திரி தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். காலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டார் தலையில் தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். வாய்வரை நீர் நின்றால், கிணற்றுக்குள் குழாயின் நுனியில் நீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட்வால்வும் உறிஞ்சு குழாயும் நலம். நீர் இறங்கியிருந்தால் இரண்டில் ஒன்று பிடி தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டாரை எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அது மோட்டாரின் வயதைக் காட்டவில்லை, ஃபுட்வால்வின் நிலையைக் காட்டுகிறது. அடுத்து, மோட்டாரை ஓடவிட்டு, உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் மட்டும் சோப்பு நுரையைப் பஞ்சால் தடவுங்கள். மின் இணைப்புப் பெட்டியின் பக்கம் ஈரக்கை போகக்கூடாது. நுரை எந்த இடத்தில் உள்ளே இழுபடுகிறதோ, எந்த இடத்தை நனைத்ததும் இரைச்சல் சற்றே அடங்குகிறதோ, அங்கேதான் ஓட்டை. டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றி இறுக்கினால் பல நேரம் வேலை முடிந்தது. எங்கும் நுரை இழுபடாமல் கரகரப்பு மட்டும் தொடர்ந்தால், ஃபுட்வால்வின் சல்லடையில் பாசியோ சருகோ அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆழ்குழாய்க்குள் நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த உறிஞ்சு குழாய்ச் சிக்கல் இல்லை. மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளுகிறது. அவர்கள் காதை வைக்க வேண்டிய இடம் ஆழ்குழாயின் வாய். மோட்டார் ஓடும்போது உள்ளே அருவிபோலச் சலசலப்பு கேட்டால், மேலே வரும் குழாயில் ஓர் இணைப்பு பிளந்து, ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கு மறுபடி கீழேயே கொட்டுகிறது என்று பொருள். மோட்டார் சும்மா இருக்கும் நேரத்திலும் அந்தச் சத்தம் நீண்டால், திரும்பிவரும் நீரைத் தடுக்க வேண்டிய வால்வு மூடவில்லை. ஓட்டையான குடத்தில் நீர் சுமக்கிற இந்த மோட்டார் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடும், சூடேறும், கடைசியில் காயில் கருகும். கருகிய காயிலைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன் பல மாதங்கள் கேட்ட சலசலப்பை யாரும் பழுது என்று எண்ணியிருக்க மாட்டோம்.

மேல் பக்கத்துக் கசிவுக்குத் தொட்டியே அளவுகோல். படுக்கப் போகும்முன் எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தை ஒரு குச்சியில் குறியுங்கள். நீளமும் அகலமும் ஒவ்வொரு மீட்டர் உள்ள தொட்டியில் 1 செ.மீ. இறக்கம் 10 லிட்டர். 8 மணி நேரத்தில் 3 செ.மீ. இறங்கினால் நாளொன்றுக்கு 90 லிட்டர் போகிறது. ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். ஆக, ஒன்றரைப் பேருக்கும் மேலான பங்கு யாருக்கும் உதவாமல் ஒழுகுகிறது. மறுநாள் ராத்திரி தொட்டிக்கு அடியிலுள்ள கேட் வால்வையும் மூடிச் சோதியுங்கள். இறக்கம் நின்றால் பழுது வீட்டுக் குழாயில்; முதலில் கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டியைப் பாருங்கள், அது சத்தமில்லாமல் ஒழுகும். அப்போதும் இறங்கினால் தொட்டியில் விரிசல், அல்லது மோட்டாரிலிருந்து வரும் குழாய் தொட்டியின் அடியில் நுழைந்து, பழுதான ஃபுட்வால்வு வழியே நீர் கிணற்றுக்கே திரும்புகிறது. களிமண் பாங்கான மனையில் புதைத்த குழாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மழையில் உப்பிய மண் வெயிலில் சுருங்கி வெடிக்கும்போது இணைப்புகளை இழுத்துப் பார்க்கும். எனவே இந்தச் சோதனையைப் பங்குனி கடைசியில் இன்னொரு முறை செய்வது நல்லது.

சத்தத்தையும் கசிவையும் ஒன்றாகவே படிக்கும் பழக்கம் தண்ணீரைக் கையோடு கொண்டுபோகிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் கேரவன்களையும், மேல்நாடுகளில் குடும்பங்கள் சுற்றுலாவுக்கு இழுத்துப்போகும் கேரவன்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் ஒரு சிறு தொட்டி. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து தானாக ஓடி, மூடினால் நிற்கும் குட்டிப் பம்ப். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அந்தப் பம்ப் அவ்வப்போது உறுமினால், வண்டிக்காரர் பம்பைத் திட்டுவதில்லை. எங்கே சொட்டுகிறது என்று தரையைத் தடவத் தொடங்குவார். மாடி வீடுகளில் இப்போது மாட்டுகிற பிரஷர் பம்புக்கும் இதே இலக்கணம்தான். யாரும் தண்ணீர் எடுக்காத நடுநிசியில் அது உயிர்பெற்றால் எங்கோ கசிவு. குழாய் திறந்திருக்கும்போது நொடிக்கொருமுறை பற்றிப் பற்றி அணைந்தால், அதன் அழுத்தத் தொட்டியில் காற்று இறங்கியிருக்கிறது.

'இவ்வளவு பாடு எதற்கு, அரைக் குதிரைத்திறனுக்குப் பதில் ஒன்றாக மாற்றிவிட்டால் போச்சு' என்பார்கள். உறிஞ்சும் உயரத்தைத் தீர்மானிப்பது காற்றின் அழுத்தம். குதிரைத்திறன் அதை ஓர் அங்குலம்கூட உயர்த்தாது. பெரிய மோட்டார் அதே பழைய குழாயில் கூடுதல் வேகத்தில் நீரைக் கேட்கும்; உராய்வு கூடும், அழுத்தம் இன்னும் தாழும், ஓட்டை வழியே இன்னும் அதிகக் காற்று நுழையும். சத்தம் குறையாது, வளரும். 'மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம், வயலுக்கோ மொத்தமும் இலவசம்' என்பது அடுத்த வாதம். மின்சாரத்துக்கு விலக்கு உண்டு, தண்ணீருக்கு இல்லை. கசிவுக்காகக் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு லிட்டரும், வைகாசியில் உங்களுக்கே வேண்டிய நீரிலிருந்து போகிறது.

எல்லாச் சத்தமும் கசிவுதானா என்று கேட்டால், அல்ல. கிறீச்சென்ற சத்தம் பேரிங் தேய்ந்ததைக் காட்டும். சுழலாமல் ரீங்காரம் மட்டும் எழுந்தால் கப்பாசிட்டரோ மாட்டிக்கொண்ட இம்பெல்லரோ காரணம், உடனே அணைத்துவிடுங்கள். நிறுத்தும்போது குழாயில் மடாரென்று அடித்தால் அது நீர் திரும்பி மோதும் ஓசை. ஒவ்வொரு சொட்டும் பழுதும் அல்ல: கயிறு வைத்து அடைக்கும் பழைய பம்புகளில் தண்டின் ஓரத்தில் சில சொட்டுகள் விழத்தான் வேண்டும், சுத்தமாக நிற்கும்படி முடுக்கினால் தண்டு தேய்ந்துவிடும். புதிய மோனோபிளாக் பம்புகளில் அந்த வேலையைச் செய்வது மெக்கானிக்கல் சீல். பெரும்பாலும் ஒரு பீங்கான் வளையமும் ஒரு கரி வளையமும் முகத்தோடு முகம் உரசி நீரைத் தடுக்கின்றன. சூடேறிய பீங்கானில் குளிர்ந்த நீர் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பீங்கான் நகரமான விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றை இழுத்து வறண்டு ஓடும் மோட்டாரில் நடப்பது அதேதான். காற்று நுழைந்து நீர் வற்றினால் உரசும் வளையம் சூடேறும், திடீரென வந்த நீர் அதில் விரிசலை உண்டாக்கும், பிறகு பம்பின் அடியில் சொட்டு விழும். கண்ணுக்குத் தெரியாத கசிவு கண்ணுக்குத் தெரிகிற கசிவைப் பெற்றெடுத்த கதை இது. சீலை மட்டும் மாற்றிவிட்டு உறிஞ்சு குழாயை விட்டுவைத்தால் அடுத்த சீலும் அதே வழியில் போகும்.

'இதெல்லாம் பிளம்பர் வேலை' என்று ஒதுங்குவதும் சரியில்லை. திறந்து மாட்டுவது அவர் வேலைதான். ஆனால் அவர் வந்து நிற்பது அரைமணி நேரம். ராத்திரி தொட்டி எவ்வளவு இறங்கியது, மோட்டார் எப்போது கரகரத்தது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அவர் ஊகத்தில்தான் கழற்றுவார்.

ஆகவே இந்த மாதம் பழுதுகளைச் சரிசெய்துவிட்டு, சுவரில் எழுதிய நிமிடக் கணக்கை ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள். இன்று 40 நிமிடத்தில் நிரம்பும் தொட்டி சித்திரையில் 60 நிமிடம் கேட்கலாம். அப்போது மூடியைத் திறந்தால் நீர் வாய்வரை நின்று, இணைப்புகளில் நுரையும் இழுபடாமல் இருந்தால், குழாய் குற்றமற்றது, இறங்கியது நீர்மட்டம்தான் என்று தயங்காமல் சொல்லலாம். அன்றைக்கு மோட்டார் கடைக்குப் போகாமல், தண்ணீர்ச் செலவைச் சுருக்குங்கள்.