கடலைக் காக்க என்ன படிக்கலாம்?

கேள்வி: பிளஸ் 2 உயிரியல் பிரிவில் படிக்கிறேன். அப்பா நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறார். மீன்வளத்தையும் கடலையும் காக்கும் வேலைக்குப் போக ஆசை. என்ன படிக்கலாம்?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: உன் ஆசை நிறைவேறட்டும், மகளே. நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலை) படிப்புக்கு விண்ணப்பம் போடு. 1977இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. மேற்படிப்பும் முடித்தால் மீன்வளத் துறை, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், தொண்டு அமைப்புகள் எனப் பல வழிகள் திறக்கும்.

இந்த வேலையில் பாதி கரையில்தான். விடியற்காலையில் ஏலக்கூடத்துக்குப் போய், மீன் கைமாறும் முன்பே அதன் நீளத்தை அளந்து குறிக்க வேண்டும். கூடையில் குஞ்சுகள் கூடினால் கடல் இளைக்கிறது என்று பொருள். சினை நண்டைத் திருப்பிப் பார். அடிவயிற்று முட்டைக்கொத்து மஞ்சளாக இருந்தால் புதுச்சினை. கருத்திருந்தால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. அந்த ஒரு நண்டைத் திரும்பக் கடலில் விட்டால் லட்சக்கணக்கான முட்டைகள் பிழைக்கும்.

உனக்கான களமும் அருகிலேயே இருக்கிறது. பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம், 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேயும் கடற்புல் தரைதான் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில்.

வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்தறியும் அப்பாவிடம் கடலைப் பற்றி இன்றே கேட்கத் தொடங்கு. கரையின் பசியும் கடலின் நிலையும் அறிந்த பிள்ளைகள் இந்தத் துறைக்கு வேண்டும்.