ஒரே வலையில் பல குடித்தனங்கள்

ஒண்டுக் குடித்தனம் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியும். வீடு ஒன்று, கிணறு ஒன்று, அடுப்புகள் மட்டும் ஐந்து. ஒவ்வொரு குடும்பமும் தன் பகுதியைத் 'தன் வீடு' என்றே சொல்லிக் கொள்ளும். சண்டையின்றி அவ்வீட்டை நடத்துவது வீட்டுக்காரரின் பாடு. இன்று பெரிய கணிப்பொறி வலையமைப்புகளை நடத்துவோரின் பாடும் ஏறக்குறைய இதுவேயாகும். ஆங்கில நூல்களிலும் இத்தகைய வாடிக்கையாளரைக் 'குடித்தனக்காரர்' என்று பொருள்படும் சொல்லாலேயே குறிப்பது வேடிக்கையான பொருத்தம்.

கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் செய்தி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. வழியில் உள்ள ரவுட்டர், சுவிட்ச் ஆகிய கருவிகள் ஒவ்வொரு பொட்டலத்தையும் எத்திசையில் அனுப்புவது என்று முடிவு செய்கின்றன. முன்பு அம்முடிவை ஒவ்வொரு கருவியும் தானே செய்தது. விதியொன்றை மாற்ற வேண்டுமானால் பொறியாளர் கருவி கருவியாக ஆணைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் மெக்கியோன் முதலியோர் 'ஓபன்ஃபுளோ' என்னும் முறையை வெளியிட்டனர். இதன்படி முடிவு செய்யும் வேலை, மையக் கட்டுப்பாட்டு நிரல் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவிட்சுகள் அந்நிரல் எழுதித் தரும் அட்டவணைப்படி பொட்டலங்களைத் தள்ளிவிட்டால் போதும். மூளை ஓரிடத்தில், கைகால்கள் பலவிடத்தில் என்று கொள்ளலாம்.

இனி, குடித்தனங்களைப் பிரிப்பது எப்படி? இரண்டு நிறுவனங்கள் தம் கணிப்பொறிகளுக்கு ஒரே எண்களையே முகவரியாக வைத்திருக்கக் கூடும். இரண்டும் ஒரே கம்பியில் வந்தால் குழப்பமல்லவா? ஆகவே பொட்டலத்தை அப்படியே இன்னொரு உறையில் இட்டு, வெளி உறையில் வாடிக்கையாளரின் எண்ணைப் பொறிக்கின்றனர். வழியிலுள்ள கருவிகள் வெளி உறையை மட்டுமே பார்க்கும். சேருமிடத்தில் உறை பிரிக்கப்படும். பழைய முறையில் இவ்வெண்ணுக்கு 12 பிட் இடமே இருந்ததால் 4,094 பிரிவுகளுக்கு மேல் இயலவில்லை. 2014இல் வெளியிடப்பட்ட 'விஎக்ஸ்லான்' முறையில் 24 பிட் கிடைத்தது. ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள் இயல்வதாயின. வாடிக்கையாளர் காண்பது தனக்கே உரிய வலையமைப்பை. உண்மையில் அது மெய்நிகர் தோற்றமே; அடியில் இருப்பது பொதுவான கம்பிதான்.

புதிய கிளைக்கு இணைப்புக் கேட்டால், கம்பி அங்கே ஏற்கெனவே இருக்குமானால், நிரல் சில நிமிடங்களில் கொடுத்துவிடும். இது பெரிய வசதி. ஆனால் கொடுத்த பின்னர் அதைக் காப்பதுதான் கடினம்.

ஒருவரே கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தால் மற்றவர் குடம் காலியாகவே இருக்கும். இதற்கு 'வில்லை வாளி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கற்பனை வாளி. அதில் குறித்த வேகத்தில் வில்லைகள் விழுந்துகொண்டே இருக்கும். பொட்டலம் புறப்பட வில்லை கொடுக்க வேண்டும். வில்லை தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது பொட்டலம் தள்ளப்படும். சிறிது நேரம் சும்மா இருந்தவருக்கு வாளி நிறைந்திருக்கும். அவர் ஒரே மூச்சில் கொஞ்சம் கூடுதலாக அனுப்பிக்கொள்ளலாம். எளிய நியாயம்தான்.

அடுத்தது வாக்குறுதி. 'ஆண்டில் 99.99 விழுக்காடு நேரம் சேவை இருக்கும்' என்று ஒப்பந்தத்தில் எழுதுவர். கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 5,25,600 நிமிடங்கள், அதில் பதினாயிரத்தில் ஒரு பங்கு 52 நிமிடங்களுக்குச் சற்றே அதிகம். பழுதைக் கண்டுபிடிப்பது, ஆளனுப்புவது, சரிசெய்வது எல்லாம் ஓராண்டு முழுவதற்கும் இதற்குள் அடங்க வேண்டும்! எனவே எச்சரிக்கையுள்ள வாடிக்கையாளர் இரண்டு வழிகளைக் கேட்டு வாங்குகிறார். திரையில் இரண்டு கோடுகள் தனித்தனியே தெரிகின்றன. ஆனால் இரண்டும் ஒரே பள்ளத்தில் புதைத்த ஒரே கேபிள் வழியாகச் செல்லுமானால், ஒரு மண்வெட்டி வீச்சில் இரண்டும் போகும். எந்தச் சேவை எந்தக் கேபிளின்மீது ஓடுகிறது என்ற பேரேடு சரியாக இருந்தாலன்றி இதை முன்கூட்டி அறிய இயலாது. வழிகளை நிரல் அடிக்கடி மாற்றுவதால், நேற்றைய பேரேடு இன்று பொய்யாகிவிடும். பேரேடும் அதே கணத்தில் மாற வேண்டும். ஒரு கேபிள் அறுந்தால் நூற்றுக்கணக்கான முறையீடுகள் ஒரே நேரத்தில் குவியும். பேரேடு இருந்தால்தான் அவற்றின் காரணம் ஒன்றே என்று தெரியும், யாருக்கு முதலில் செய்தி சொல்வது என்பதும் தெரியும். என் எண்ணத்தில், சேவை மேலாண்மையின் முக்கால் பங்கு இந்தப் பேரேடுதான். நூல்களோ இதை இரண்டொரு பக்கங்களில் முடித்துவிடுகின்றன.

நிரலால் ஆளப்படும் வலையமைப்புக்கு இன்னோர் இடரும் உண்டு. 1990 சனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி வலையமைப்பில் ஓர் இணைப்பகம் சிறு கோளாற்றால் தன்னைத் தானே மறுபடி தொடங்கிக்கொண்டது. மீண்டதும் அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. அச்செய்தியைக் கையாளும் நிரலில் ஒரு பிழை. அண்டை இணைப்பகங்களும் விழுந்தன, அவற்றின் அண்டையும் விழுந்தன. 114 இணைப்பகங்களிலும் அதே நிரல் இருந்ததால் ஒன்பது மணி நேரம் நாடெங்கும் நெடுந்தூர அழைப்புகள் தத்தளித்தன. கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

இதற்கு முப்பத்தோராண்டு கழித்து, 2021 அக்டோபர் 4 அன்று, பேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பின்போது கொடுத்த ஓர் ஆணை, அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. தவறான ஆணைகளைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்தது. பழுதைச் சரிசெய்ய உதவும் உட்கருவிகள் பலவும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தமையால், பொறியாளர்கள் தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை. தரவு மையங்களுக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று. அந்நியர் புகாதபடி கட்டிய கட்டடங்கள் ஆதலால், அங்கும் உள்ளே சென்று கருவிகளைத் தொடுவதற்கு நேரம் பிடித்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின் இணைப்புகள் திரும்பின. அப்போதும் எல்லாச் சேவைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடவில்லை. தாழ்ந்திருந்த மின் செலவு திடீரென ஏறினால் மின் அமைப்பே பழுதாகக்கூடும் என்பதால், படிப்படியாகவே திறந்தனர்.