புழுக்கொல்லிப் பற்றீரியாவும் அதன் உணவும்

நுவரெலியாப் பகுதியிற் கோவாச் செய்கைக்குப் பெருந்தீங்கு விளைப்பது வைரமுதுகு அந்தின் புழுவாகும். இலையை அரித்துத் துளையிடும் இச்சிறு பச்சைப் புழு, இரசாயன நஞ்சுகள் பலவற்றுக்கும் பழகிவிட்டது. இதனை அடக்க உதவும் உயிர்ப்பொருள்களுள் ஒன்று, பசிலசு துரிஞ்சியென்சிசு என்னும் பற்றீரியா. இது 1901இல் யப்பானில், இறந்த பட்டுப்புழுக்களில் இசிவாதா என்பவராற் கண்டறியப்பட்டது. 1911இல் பெர்லினர் என்பவர் சேர்மனியில் மா அந்தின் புழுவில் இதனைக் கண்டார். துரிங்கியா என்னும் இடத்தின் பெயரே இதற்கு வழங்குகிறது.

பசளையோ சருக்கரையோ சேர்த்து ஊறவைத்தால் இப்பற்றீரியா பெருகி, மருந்தின் வலிமை கூடும் என்று கமக்காரருக்குத் தோன்றலாம். அது தவறென்பதை இதன் வாழ்க்கை முறையே காட்டும்.

உணவு மிகும்போது

தொழிற்சாலையில் இப்பற்றீரியா, சோயா அவரை மா, மீன் தூள், சீனி ஆலைக் கழிவுப்பாகு போன்றவற்றைக் கரைத்த நீரில் வளர்க்கப்படுகிறது. புரத உணவு நைதரசனையும், இனிப்பு உணவு காபனையும் அளிக்கின்றன. ஏறத்தாழ 30 பாகை செல்சியசு வெப்பமும் மிகுந்த ஒட்சிசனும் கிடைப்பின் அது விரைந்து பெருகும். எனினும் இனிப்பு அளவுமீறினால் அமிலம் உண்டாகி வளர்ச்சி தடைப்படும். எனவே காபனும் நைதரசனும் தக்க விகிதத்தில் இருத்தல் வேண்டும்.

உணவு தீரும்போது

பெருக்கம் மட்டும் புழுவைக் கொல்லாது. உணவு தீர்ந்துபோகும் வேளையிலேயே ஒவ்வொரு கலமும் தடித்த உறையுள்ள ஒரு வித்தியை உண்டாக்குகிறது. அதனுடன் புரதப் பளிங்கு ஒன்றும் உருவாகிறது. மங்கனீசு போன்ற கனிப்பொருள்கள் சிறிதளவு இருத்தல் வித்தி உண்டாவதற்கு இன்றியமையாதது. புழுவின் குடலிலுள்ள காரத்தன்மையிற் கரைந்து, குடற்சுவரைச் சிதைப்பது இப்பளிங்கே. ஆகவே, நல்லுணவில் வளர்ந்து, உணவு தீர்ந்து முதிர்ந்த பற்றீரியாவே பயன் தரும்.

பொதியில் இருப்பது இவ்வாறு முதிர்ந்த வித்தியும் பளிங்குமாகும். அதனைச் சருக்கரை நீரில் ஊறவைப்பதால் புதிய பளிங்கு கிடையாது. வித்திகள் முளைக்கக்கூடும், வேறு கிருமிகளும் பெருகும், செலவிட்ட பணம் வீணாகும்.

கவனிக்க வேண்டியவை

1. கலந்த மருந்தை அன்றே தெளித்து முடித்தல் வேண்டும். அளவைப் பொதியில் அச்சிட்டவாறே கொள்க.

2. வெயில் பளிங்கையும் வித்தியையும் விரைவில் அழிக்கும்; மழை கழுவிவிடும். ஆதலால், மழையற்ற மாலைவேளையில், இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்க.

3. சுண்ணாம்பு சேர்ந்த போர்டோக் கலவை போன்ற காரப்பொருள்களுடன் கலத்தல் ஆகாது. பளிங்கு புழுவின் குடலை அடையுமுன்னரே கெடும்.

4. புழு சிறிதாயிருக்கும்போதே தெளிக்க. மருந்தை உண்ட புழு உடனே சாவதில்லை. முதலில் உண்பதை நிறுத்தி, இரண்டொரு நாளிற் சாகும். மறுநாட் காலையிற் புழு உயிரோடிருப்பதைக் கண்டு கடும் நஞ்சை அடிப்பவர், புழுவை அழிக்கும் குளவிகளையும் சேர்த்துக் கொன்றுவிடுவர்.

5. நெல்லில் இலைசுருட்டிப் புழு போன்று இலையைத் தின்னும் புழுக்களுக்கே இது பொருந்தும். சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்திக்கு இதனாற் பயனில்லை.

6. இம்மருந்தையே ஓயாது தெளித்தலும் ஆகாது. அவாய்த் தீவுகளில் வைரமுதுகு அந்து இதற்கும் பழகிவிட்டமை 1990இல் வெளியிடப்பட்டது. பயிரை மாற்றிச் செய்வதும், அறுவடைக்குப்பின் கோவாக் கட்டைகளை அகற்றுவதும் மருந்தின் தேவையைக் குறைக்கும்.

பற்றீரியாவுக்கு உணவூட்டும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. அது ஆக்கிய பளிங்கைக் கெடாமற் புழுவின் வாய்க்குச் சேர்ப்பதே கமக்காரரின் வேலையாகும்.