தொட்டால் குளிரும் போர்வை

கேள்வி: தொட்டால் குளிரும் மென்போர்வை ஒன்று வாங்கினோம். முதலில் சுகமாக இருக்கிறது, நடுச்சாமத்தில் வேர்க்கிறது. போர்வையில் பழுதா?
– வாசகி, ஹெவ்லொக் டவுன், கொழும்பு

பதில்: பழுதில்லை. இத்தகைய துணி, பெரும்பாலும் நைலோன் இழை, உடற்சூட்டைச் சட்டென இழுத்துக்கொள்வதால்தான் குளிர்கிறது. தோலும் துணியும் ஒரே சூட்டுக்கு வந்ததும் அந்தக் குளிர்ச்சி தீர்ந்துவிடும். பிறகு வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு ஆறும். கொழும்பில் ஏப்ரல் இரவின் குறைந்த வெப்பநிலையே சுமார் 25 பாகை செல்சியஸ். கடற்காற்றின் ஈரப்பதம் வேறு வியர்வையை உலரவிடாது. ஆகவே தொட்ட மாத்திரத்தில் முடிவெடுக்காதீர்கள். மின்விசிறியை ஓடவிட்டு அரை மணி நேரம் போர்த்திப் படுங்கள். கழுத்தும் மார்பும் ஈரமாகின்றனவா என்று பாருங்கள். மறுநாள் மெல்லிய பருத்திப் போர்வையோடும் அதையே செய்யுங்கள். நீங்கள் வாங்கிய போர்வை உள்ளே பொலியெஸ்டர் பஞ்சு அடைத்ததென்றால் அதை ஏசி அறைக்கு மட்டும் வையுங்கள். ஏசி இல்லாத அறைக்குப் பருத்தியே மேல்.