குளத்துக்கு முதல் கயாக்

கேள்வி: தூண்டில் போடவும் பிள்ளைகளோடு உலாவவும் மலிவாக ஒரு கயாக் வாங்க ஆசை. காற்றடைத்தது போதுமா?
– வாசகர், கனகராயன்குளம்

பதில்: காற்றடைத்தது வேண்டாம். வன்னிக் குளங்களில் தண்ணீருக்குள் பட்டமரக் குற்றிகள் நிற்கும். ஒரு கீறலே போதும். மேலே இருந்து துடுப்பு வலிக்கும் பிளாஸ்டிக் கயாக்காகப் பாருங்கள். நீளத்தைவிட அகலம் முக்கியம்: 75 சென்றிமீற்றருக்குக் குறைந்தால், மீனை இழுக்கும்போது ஆட்டம் கொடுக்கும். பழையதென்றால் கவிழ்த்துப் போட்டு, கரையில் இழுத்துத் தேய்ந்திருக்கும் பின்பக்க அடியைப் பெருவிரலால் அழுத்துங்கள், நெளிந்தால் விட்டுவிடுங்கள். காசு இன்னும் குறைவா? குளத்து மீனவர் விற்கும் பைபர் வள்ளமே நல்லது. ஆனால் உயிர்காப்பு அங்கியில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அவரவர் அளவில் வாங்குங்கள். முதலை இருக்கும் குளமென்றால் அந்தியில் இறங்காதீர்கள். வலை போடும் எண்ணமிருந்தால் முதலில் மீனவர் சங்கத்தில் கதையுங்கள்.