ஓயாத காவல்

மனித உடலின் நோய் எதிர்ப்பாற்றல் ஒரு காவற்படை போன்றது. நோய்க்கிருமி நுழைந்ததும் விழித்தெழுந்து போரிடும். வென்றதும் ஓய்வு கொள்ளும். அந்த ஓய்வு கிடைக்காமற்போனால் நேரும் கேட்டை, எச்.ஐ.வி.யும் ஹெப்படைடிஸ் சி வைரஸும் ஒருவரையே பற்றும்போது தெளிவாகக் காணலாம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் பயன் அது. ஹெப்படைடிஸ் சி வைரஸ் 1989-இல் இனங்காணப்பட்டது. இரண்டுமே இரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியவை. ஆதலால், ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்து போதை மருந்து ஏற்றிக்கொள்ளும் இடங்களில் இவை சேர்ந்தே பரவுகின்றன. மணிப்பூரிலும் சென்னையிலும் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்கின்றன. உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பேருக்கு இவ்விரு தொற்றுகளும் உள்ளன என்பது ஒரு மதிப்பீடு.

எச்.ஐ.வி., சி.டி.4 எனப்படும் வெள்ளையணுக்களை அழிக்கிறது. இவ்வழிவு குடற்சுவரில் மிகக் கடுமையாக நிகழ்கிறது. அதனால் குடலின் தடுப்பு பழுதுபட்டு, அங்கு வாழும் பாக்டீரியாக்களின் சிதைபொருள்கள் இரத்தத்திற் கசிகின்றன. பகைவன் வந்துவிட்டான் என்றெண்ணி எதிர்ப்பணுக்கள் எந்நேரமும் கிளர்ச்சியுற்றிருக்கின்றன. சி.டி.8 அணுக்களின்மேல் சி.டி.38, எச்.எல்.ஏ.-டி.ஆர். ஆகிய புரதங்கள் மிகுந்திருப்பதே இக்கிளர்ச்சியின் அடையாளமாகும்.

இனி, கல்லீரலின் பங்கைப் பார்ப்போம். குடலிலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. வாய்க்கால் நீரில் வரும் குப்பை வயலில் புகாதபடி மடைவாயிலேயே தடுப்பதுபோல, கல்லீரலிலுள்ள குப்ஃபர் அணுக்கள் அச்சிதைபொருள்களை விழுங்கி அகற்றுகின்றன. ஹெப்படைடிஸ் சி கல்லீரலைத் தழும்பேறச் செய்வதால் இத்தடுப்பும் தளர்கிறது. போதாக்குறைக்கு, அந்த வைரஸே எதிர்ப்பணுக்களை மேலும் தூண்டுகிறது. ஆகவேதான், எச்.ஐ.வி. மட்டும் உள்ளவர்களைவிட இரு தொற்றும் உள்ளவர்களிடம் கிளர்ச்சி மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. ஓயாத கிளர்ச்சியால் எதிர்ப்பணுக்கள் களைத்துச் செயலிழக்கின்றன. கல்லீரல் தழும்பும் விரைந்து வளர்கிறது.

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகளை நம் அரசு 2004 ஏப்ரல் முதல் இலவசமாக வழங்கிவருகிறது. அவற்றால் கிளர்ச்சி பெரிதும் குறையும், முற்றிலும் தணிவதில்லை. ஹெப்படைடிஸ் சி-யையோ அடியோடு நீக்கிவிடலாம். பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை உட்கொண்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இச்சிகிச்சையும் இலவசமே. வைரஸ் நீங்கியபின் கிளர்ச்சியும் ஓரளவு தணிகிறது. இரு நோய்களின் மருந்துகளும் ஒன்றோடொன்று முரண்படக்கூடுமாதலால் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

ஹெப்படைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. பல ஆண்டுகள் அது அறிகுறியின்றியே மறைந்திருக்கும். எனவே எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொருவரும் இதற்கான இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பழிச்சொல்லுக்கு அஞ்சுவோர் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். தொற்றுள்ளோரை ஒதுக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. அந்த அச்சத்தைப் போக்குவது கற்றவர்களாகிய நம் கடமையன்றோ!