பழைய வரிமுறையா, புதியதா? சம்பளச் சீட்டைப் பார்த்து முடிவெடுங்கள்

சம்பளச் சீட்டில் பிஎஃப், தொழில் வரி, டிடிஎஸ் என மூன்று பிடித்தங்கள் இருக்கும். பிஎஃப் உங்கள் சேமிப்பு. தொழில் வரி, தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்குப் போவது. ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. டிடிஎஸ், ஆண்டுக்கான வருமான வரியை மாதாமாதம் முன்கூட்டியே பிடிப்பது. வரிக் கணக்கில் இவற்றின் மதிப்பு வரிமுறைக்கு வரிமுறை மாறுகிறது. கீழே உள்ளவை 2025-26 நிதியாண்டுக்கானவை.

பழைய முறை: உங்கள் பிஎஃப் பங்கு, வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவின் 1.5 லட்சத்துக்குள் கழியும். தொழில் வரியும் கழியும். வீட்டு வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி (குடியிருக்கும் வீட்டுக்கு 2 லட்சம் வரை), மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஆகியவற்றுக்கும் சலுகை உண்டு. நிலையான கழிவு 50,000. ஆனால் வரிக்குரிய வருமானம் 10 லட்சத்தைத் தாண்டினாலே, தாண்டும் தொகைக்கு 30% வரி.

புதிய முறை: மேற்சொன்ன சலுகைகள் இல்லை. நிலையான கழிவு 75,000. 30% வரி 24 லட்சத்துக்கு மேல்தான். சம்பளம் மட்டுமே வருமானம் என்றால் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. நிறுவனம் உங்களுக்காக என்பிஎஸ் எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்தும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14% வரை கழிவு உண்டு. தனியார் ஊழியருக்குப் பழைய முறையில் இது 10% தான்.

யாருக்கு எது?

12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குவோர் யோசிக்காமல் புதிய முறைக்குப் போகலாம். 15 லட்சம் வாங்குபவருக்குப் புதிய முறையில் செஸ் சேர்த்து வரி 97,500 ரூபாய். நிலையான கழிவு போக இன்னும் 5,43,750 ரூபாய்க்குக் கழிவு காட்டினால்தான் பழைய முறையிலும் இதே வரி வரும். 80சி-யும் வீட்டுக்கடன் வட்டியும் முழுதாக இருந்தாலும் 3.5 லட்சம்தான். பெருநகரில் அதிக வாடகை கொடுப்பவர்தான் இந்த எல்லையைத் தொட வாய்ப்பு அதிகம்.

வரிச்சலுகை இல்லையென்று பிஎஃப்-ஐ வெறுக்க வேண்டாம். உங்கள் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், எந்த முறையிலும் வட்டிக்கு வரி கிடையாது. அது ஓய்வுக்காலப் பணம்.

நிறுவனத்திடம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே டிடிஎஸ் பிடிப்பார்கள். தொழில் வருமானம் இல்லாத ஊழியர், கணக்குத் தாக்கலின்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். கெடு தாண்டினால் பழைய முறை கிடைக்காது. ஆகவே ஏப்ரலிலேயே கணக்குப் போடுங்கள். வரியை மிச்சப்படுத்த மார்ச்சில் அவசரமாகத் தேவையற்ற பாலிசி வாங்காதீர்கள்.